கொட்டைக்கு ஊர்ப்பெயர் வேண்டும்

மலைச்சரக்கு – 9

சென்ற வாரம் கல்வராயன் மலைத்தேன். எந்த மரம் பூத்த பருவத்தில் எடுத்த தேன் என்பதை வைத்தே மலைமக்கள் அதன் ருசியைச் சொல்லிவிடுவார்கள் என்று பார்த்தோம். இந்த வாரம் எடுத்துக்கொண்டிருக்கும் சரக்கும் மலையில் விளைவதுதான். விடிந்ததும் அடுப்பில் ஏறுவது, வந்தவரை வரவேற்க முதலில் நீட்டப்படுவது. ஆனால் அது எந்த மலையில் விளைந்தது என்று கேட்டால் நம்மில் பெரும்பாலோருக்குப் பதில் தெரியாது. காபியைத்தான் சொல்கிறேன்.

கள்ளக்குறிச்சியில் கொட்டையை வறுத்து அரைத்துத் தரும் கடை ஏதாவது ஒன்றில் போய் நில்லுங்கள். வாசம் தெருமுனையிலேயே வந்து கூப்பிடும். கடைக்காரர் இரண்டு கேள்வி கேட்பார். “பீபெரியா, பிளான்டேஷன் ஏ-வாங்க? சிக்கரி எவ்வளவு போடட்டும்?” நாமும் பழக்கப்பட்ட பதிலைச் சொல்லி, சூடு ஆறாத பொட்டலத்தை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவோம்.

அந்தப் பெயர்கள் எதைச் சொல்கின்றன? காபிப் பழத்துக்குள் வழக்கமாக இரண்டு கொட்டைகள் இருக்கும். ஒன்றையொன்று ஒட்டி வளர்வதால் இரண்டுக்கும் ஒருபக்கம் தட்டையாகிவிடும். சில பழங்களில் ஒரே கொட்டை மட்டும் உருண்டு திரளும். அதுதான் பீபெரி. கழுவிப் பதப்படுத்திய அராபிகாவைச் சல்லடையில் சலித்து, பெரிய கொட்டைகளாகப் பிரித்தெடுத்தால் அது பிளான்டேஷன் ஏ. முதல் பெயர் வடிவத்தைச் சொல்கிறது. இரண்டாவது பெயர் பதத்தையும் அளவையும் சொல்கிறது. குடகில் விளைந்த பீபெரியும் பழனி மலையில் விளைந்த பீபெரியும் ஒரே டப்பாவுக்குள் கிடக்கலாம். ஊர் எங்குமே இல்லை.

மாம்பழம் வாங்கும்போது நாம் இப்படி விடுவதில்லை. சேலத்து மல்கோவாவா என்று கேட்டு, முகர்ந்து பார்த்துத்தான் கூடையில் போடுகிறோம். கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கே 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரின் பெயர் பொருளோடு ஒட்டிக்கொண்டால் செய்தவரின் கைக்கு என்ன மதிப்பு வரும் என்பது நமக்குத் தெரியாததல்ல. அப்படியிருக்க, காபியின் ஊர்ப்பெயர் மட்டும் எங்கே தொலைந்தது?

அதற்கு ஒரு வரலாறு உண்டு. இரண்டாம் உலகப்போரில் ஐரோப்பியச் சந்தை அடைபட்டது. விளைந்த காபி தேங்கியது, விலை விழுந்தது. விவசாயியைக் காப்பாற்ற 1942-இல் வந்த சட்டத்தின்படி, விளைந்த காபியையெல்லாம் காபி வாரியத்தின் பொதுத் தொகுப்பில் ஒப்படைக்க வேண்டும். அதைத்தான் ‘பூல்’ என்று சொன்னார்கள். வாரியம் விற்று, தவணை தவணையாகப் பணம் கொடுத்தது. அந்த நாளில் அது பெரிய ஆறுதல், மறுப்பதற்கில்லை. ஆனால் பூலில் பேசியது தரமும் எடையும்தான். ஒருவர் பழுத்த பழமாகப் பார்த்துப் பறித்திருப்பார். பக்கத்துத் தோட்டக்காரர் காயும் பழமுமாகக் கிளையோடு உருவியிருப்பார். இரண்டும் ஒரே குவியலில் கலந்தன. அரை நூற்றாண்டு இப்படியே ஓடி, 1990களில் படிப்படியாகத்தான் கட்டுப்பாடு விலகியது. தன் காபியைத் தன் பெயரில், தன் மலையின் பெயரில் விற்கலாம் என்ற உரிமை அதற்குப் பிறகே விவசாயிக்கு வந்தது. ‘சிங்கிள் ஆரிஜின்’ என்று இன்று பெருநகரக் கடைகளில் எழுதிவைத்திருப்பது இதைத்தான்: ஒரே ஊர், ஒரே மலை, சில சமயம் ஒரே தோட்டத்தில் விளைந்த காபி, வேறு எதுவும் கலக்காமல்.

ஊர் மாறினால் ருசி எப்படி மாறும்? நமக்குப் பக்கத்திலேயே இருக்கும் உதாரணத்தைப் பார்ப்போம். கள்ளக்குறிச்சியிலிருந்து சின்னசேலம், ஆத்தூர் வழியாகச் சேலம் போய் மலையேறினால் ஏற்காடு. சேர்வராயன் மலையில் காபி வந்தது 1820களில், சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில். இருநூறு ஆண்டுப் பழக்கம். சில்வர் ஓக் மர நிழலில் காபிச்செடி, மரத்தைச் சுற்றி மிளகுக்கொடி, இடையிடையே பலா, ஆரஞ்சு. பெரிய எஸ்டேட்டுகள் ஒருபுறம் இருக்க, மலையாளிப் பழங்குடி மக்களின் சின்னச் சின்னத் தோட்டங்களும் அங்கே உண்டு. கல்வராயனில் வாழ்பவர்களும் அதே மலையாளி மக்கள்தான்.

ருசியில் முதலில் பேசுவது உயரம். மேலே போகப் போகக் குளிர் கூடும். குளிரில் பழம் அவசரமில்லாமல் பழுக்கும். கொட்டை இறுகித் திரண்டு, இனிப்பையும் பழப் புளிப்பையும் நிறையச் சேர்த்துக்கொள்ளும். அராபிகா ஏறத்தாழ 1,000 மீட்டருக்கு மேலே செழிப்பதும் ரொபஸ்டா அதற்குக் கீழே சூட்டைத் தாங்கி நிற்பதும் இதனால்தான். ரொபஸ்டாவில் காஃபீன் அராபிகாவைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு, சர்க்கரை குறைவு. அதனால் கசப்பும் அழுத்தமும் தூக்கலாக இருக்கும். தமிழ்நாட்டு மலைகளில் விளைவதில் பெரும்பகுதி அராபிகா.

அடுத்தது ரகம். கர்நாடகத்தின் பாலேஹொன்னூரில் 1925 முதல் இயங்கும் காபி ஆராய்ச்சி நிலையம் தந்த எஸ்.795 என்ற ரகம் நம் மலைகளிலும் பரவலாக உண்டு. இலைத்துரு நோயைத் தாங்க வேண்டும், ருசியும் கெடக்கூடாது என்று பார்த்துப் பார்த்துச் சேர்த்த ரகம் அது. இதே நோய்தான் 1869-இல் இலங்கையில் தலைகாட்டி, அந்தத் தீவின் காபித் தோட்டங்களை அழித்துத் தேயிலைக்கு மாற்றியது. ரகத்தைத் தேர்வதில் விவசாயி இவ்வளவு கவனமாக இருப்பதற்கு அதுதான் காரணம்.

மூன்றாவது மழை. இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. சிக்மகளூரில் தென்மேற்குப் பருவமழை முடிந்து, வானம் வெளுத்த பிறகு பழம் பறிப்பார்கள். நம் பக்கத்து மலைகளிலோ வடகிழக்குப் பருவமழை கொட்டும்போதே பழம் சிவக்கத் தொடங்கிவிடும். பறித்த பழத்தை அப்படியே முழுசாகக் களத்தில் காயப்போட்டால், சதையோடு உலரும்போது கொட்டையில் பழவாசம் ஏறும். நல்ல வெயில் கிடைத்தால் அது தனி ருசி. ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் எந்த நேரம் மழை வரும் என்று யார் சொல்ல முடியும்? ஒருநாள் நனைந்தாலும் பூஞ்சை பிடித்து மண்வாடை வந்துவிடும். அதனால் பழத்தைப் பல்பரில் போட்டுத் தோலைக் கழற்றி, வழவழப்பு போகும்வரை தொட்டியில் புளிக்கவைத்து, கழுவி உலர்த்துவது இங்கே பாதுகாப்பான வழி. அப்படிக் கழுவிய காபியில் ருசி தெளிவாக இருக்கும். புளிப்பு துலங்கித் தெரியும். மழை எந்த மாதம் பெய்கிறது என்பதுகூடக் கடைசியில் டம்ளருக்குள் வந்து சேர்கிறது.

இத்தனையும் சேர்ந்து உருவான ருசியைக் காப்பதும் கரியாக்குவதும் வறுப்பவர் கையில் இருக்கிறது. வீட்டிலேயே இதைப் பார்க்கலாம். பச்சைக் கொட்டை நூறு கிராம் வாங்கி வந்து, கனமான இரும்புச் சட்டியில் போட்டு, கையெடுக்காமல் கிளறுங்கள். முதலில் எதுவுமே நடக்காததுபோல் இருக்கும். உள்ளே இருக்கும் ஈரம் வெளியேறிக்கொண்டிருக்கும். பச்சை மெல்ல மஞ்சளாகும், வைக்கோல் வாசம் வரும். பிறகு மஞ்சள் பழுப்பாகும். சர்க்கரையும் புரதமும் சூட்டில் சேர்ந்து வேலைசெய்யும் நேரம் இது. ரொட்டி சுடும் வாசம் எழும். கொட்டையின் சூடு 200 டிகிரியை நெருங்கும்போது ‘பட், பட்’ என்று தனித்தனியாக வெடிக்கும். உள்ளே அடைபட்ட நீராவி கொட்டையைப் பிளந்துகொண்டு வரும் சத்தம். மெல்லிய வெள்ளித்தோல் கழன்று பறக்கும்.

இந்த முதல் வெடிப்பு அடங்கியதும் இறக்கினால் இளவறுவல். எலுமிச்சையிலும் ஆப்பிளிலும் உள்ள அதே அமிலங்கள் கொட்டையில் இன்னும் மிச்சமிருக்கும். மலையின் உயரம், ரகம், கழுவிய விதம் எல்லாம் நாக்குக்குத் தெரியும். இன்னும் கொஞ்சம் போனால் நடுவறுவல்: புளிப்பு தணியும், வெல்லப்பாகின் இனிப்பு தலைதூக்கும். மேலும் விட்டால், 225 டிகிரி வாக்கில் இரண்டாம் வெடிப்பு வரும். இப்போது சத்தம் நுணுக்கமாக, சடசடவென்று நெருக்கமாக இருக்கும். கொட்டையின் சுவர்களே உடைந்து, எண்ணெய் மேலே வந்து மினுமினுக்கும். இதைத் தாண்டினால் சர்க்கரை ஏறக்குறைய முழுதும் கருகிவிடும். பழப் புளிப்பு போய்விடும். சூட்டில் பிறந்த கடுங்கசப்பு ஆட்சிக்கு வரும். அப்போது ஏற்காடும் குடகும் எத்தியோப்பியாவும் ஒன்றுதான். நாம் ருசிப்பது நெருப்பை, நிலத்தை அல்ல.

இதைச் சொல்வதால் நம் ஃபில்டர் காபியைக் குறை சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பாலும் சர்க்கரையும் சேரும்போது அவற்றை மீறி நிற்க டிகாஷனுக்குத் திடம் வேண்டும். அதற்குத்தான் கொஞ்சம் முற்றிய வறுவல், கொஞ்சம் சிக்கரி. சிக்கரி ஒரு செடியின் கிழங்கை வறுத்து அரைத்தது. அதில் காஃபீன் கிடையாது. நிறமும் கெட்டித்தன்மையும் தரும். கலவையில் காபி குறைந்தது 51 சதவீதம் இருந்தால் சட்டம் ஏற்றுக்கொள்கிறது. மீதி 49 சதவீதம்வரை சிக்கரியாகவே இருக்கலாம் என்பதை வாங்குபவர் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அவ்வளவு சிக்கரிக்கு நடுவே எந்த மலையின் குரலும் கேட்காது. எந்த டம்ளரைக் குடித்தாலும் அது தெரிந்து குடித்ததாக இருக்க வேண்டும் என்பதே என் கவலை.

ஊர் ருசியை அறிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. காபி சுவைப்பவர்கள் உலகம் முழுக்கப் பின்பற்றிவந்த முறையே எளிமையானது. கொரகொரப்பாக அரைத்த தூள் 8 கிராம் சொச்சம், கொதி அடங்கிய வெந்நீர் 150 மில்லி. ஊற்றி நான்கு நிமிடம் விட்டு, மேலே மிதக்கும் தூளைக் கரண்டியால் விலக்கி, அப்போது எழும் வாசத்தை முகர வேண்டும். கொஞ்சம் ஆறியதும் கரண்டியில் எடுத்து உறிஞ்ச வேண்டும். பாலும் சர்க்கரையும் கிடையாது. நூற்றுக்கு 80 மதிப்பெண்ணும் அதற்கு மேலும் வாங்கும் காபியைத்தான் ‘ஸ்பெஷாலிட்டி’ என்கிறார்கள். மதிப்பெண்ணை விடுங்கள். நடுவறுவலில் ஏற்காட்டுக் காபி ஒரு டம்ளர், வேறொரு மலையின் காபி ஒரு டம்ளர் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சூடாக ஒருமுறையும் ஆறியபின் ஒருமுறையும் குடித்துப் பாருங்கள். வித்தியாசத்தை உங்கள் நாக்கே சொல்லிவிடும். நல்ல காபி ஆற ஆறத்தான் இனிக்கும்.

இனி நம் மலைக்கு வருவோம். கல்வராயன் கிழக்குத் தொடர்ச்சி மலையின் துண்டு. இதே தொடர்ச்சியில் வடக்கே, ஆந்திராவில் இருக்கிறது அரக்குப் பள்ளத்தாக்கு. அங்கே பழங்குடி விவசாயிகள் ஆளுக்கு ஓரிரு ஏக்கரில் மர நிழலில் காபி வைத்தார்கள். பழத்தைப் பழமாகப் பறிக்கவும், ஒரே இடத்தில் சேர்த்துக் கழுவி உலர்த்தவும் கூட்டுறவாக இணைந்தார்கள். நாந்தி அறக்கட்டளை கூடவே நின்றது. 2017-இல் அரக்கு என்ற பெயரிலேயே பாரிஸ் நகரத்தில் கடை திறந்தது. 2019-இல் அரக்கு அராபிகாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது; குடகு, சிக்மகளூர், பாபாபுடன்கிரி அராபிகாக்களும் வயநாட்டு ரொபஸ்டாவும் அதே ஆண்டில் அதைப் பெற்றன. ஊர்ப்பெயரை மறைக்காமல் விற்றதால் கிடைத்த மரியாதை இது.

கல்வராயன் காபிக்குப் பேர்போன மலை அல்ல. வெள்ளிமலைப் பக்கம் போனால் கண்ணில் படுவது மரவள்ளியும் சாமையும் மக்காச்சோளமும்தான். கடுக்காய், புளி, பலா மரங்கள் காட்டின் கொடை. மலையின் உச்சிப் பகுதிகள் 1,000 மீட்டரைத் தாண்டுகின்றன. பெரும்பகுதி அதற்குக் கீழே. ஆகவே எல்லா இடமும் அராபிகாவுக்கு ஒத்துவராது. நிழல் குறைந்த, சூடு மிகுந்த இடத்தில் அராபிகாவை நட்டால் வெள்ளைத் தண்டு துளைப்பான் தின்று தீர்த்துவிடும். நட்ட செடி காய்க்கவே மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும். அதுவரை அந்தக் குடும்பம் சாப்பிட வேண்டும். காபிக்காகக் காட்டையோ சாமைக் கொல்லையையோ அழிப்பது தலைகீழான வேலை. இருக்கும் பலா மர நிழலில், உயரம் பொருந்தும் இடத்தில், மண்ணும் மழையும் பார்த்து, மலைமக்களின் விருப்பத்தோடு கொஞ்சமாகச் செய்து பார்க்கலாம். அப்படி விளைந்தால், முதல் மூட்டையிலேயே கல்வராயன் என்று எழுதப்பட வேண்டும். பெயரில்லாத குவியலுக்குள் போய்விட்ட சரக்குக்கு விலை பேசும் வலிமை விவசாயிக்கு இருக்காது.

மலையில் இருப்பவர் செய்ய வேண்டியது அது. சமவெளியில் இருக்கும் நாம் செய்ய வேண்டியது இன்னும் எளிது. அடுத்த முறை காபித்தூள் வாங்கும்போது கடைக்காரரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: “அண்ணே, இந்தக் கொட்டை எந்த மலையோடது? எப்ப வறுத்தது? இன்னும் கொஞ்சம் இளசா வறுத்துத் தர முடியுமா?” முதல்நாள் அவருக்கே பதில் தெரியாமல் இருக்கலாம். பத்துப் பேர் கேட்டால் சரக்கு அனுப்புகிறவரிடம் அவர் கேட்பார். அந்த வியாபாரி தோட்டக்காரரிடம் கேட்பார். அந்தக் கேள்வி மலையேறிப் போய்ச் சேரும்போதுதான், பழமாகப் பார்த்துப் பறித்தவருடைய உழைப்புக்குத் தனி விலை பேசப்படும்.

(அடுத்த வாரம்: வெள்ளிமலையிலிருந்து தோல் பதனிடும் தொட்டிவரை – கடுக்காயின் கதை)