கேரட் குழலும் ஃபிளாப்பி வாத்தியமும்

வாட்ஸ்அப் குழுக்களில் காலை வணக்கப் படங்களுக்கும் கைவைத்தியக் குறிப்புகளுக்கும் நடுவே எப்போதேனும் ஓர் அரிய பொருளும் வந்து சேர்வதுண்டு. பழைய கணினிகளின் உதிரிப் பாகங்கள் சுவர்போல அடுக்கப்பட்டு, அவை தாமே முனகியும் உறுமியும் ‘ஸ்டார் வார்ஸ்’ திரைப்படத்தின் அணிவகுப்பு இசையை வாசிக்கும் காணொளி அவ்வகையைச் சேர்ந்தது. நம் வாசகர்களில் பலர் அதனைக் கண்டிருக்கக்கூடும். கண்டு வியந்து நால்வருக்கு அனுப்பியும் இருக்கக்கூடும். அதனைச் செய்தவர் யார், அது எவ்வாறு பாடுகிறது என்று கேட்டால் விடை சொல்வோர் மிகச் சிலரே. இத்தகைய காணொளிகள் சிலவற்றின் பின்புலத்தை இங்கே சற்று விரிவாகக் காண்போம்.

அந்தக் கணினிச் சுவரின் பெயர் ஃபிளாப்போட்ரான். போலந்து நாட்டுப் பொறியாளர் பாவெல் ஸாட்ரோஷ்னியாக் அதனை உருவாக்கினார். 2011-இல் அவர் இரண்டே இரண்டு ஃபிளாப்பி இயக்கிகளைக் கொண்டு முதல் காணொளியை வெளியிட்டார். 2016-இல் அவை 64 ஆயின. கூடவே எட்டு ஹார்ட் டிஸ்க்குகளும் இரண்டு ஸ்கேனர்களும் சேர்ந்துகொண்டன. 2022-இல் வந்த மூன்றாம் வடிவத்தில் 512 ஃபிளாப்பி இயக்கிகள், 16 ஹார்ட் டிஸ்க்குகள், நான்கு ஸ்கேனர்கள்! பிறர் காயலான் கடைக்கு அனுப்பிய பொருள்கள் இவரிடம் ஒரு முழு இசைக்குழுவாகிவிட்டன.

இதன் நுட்பம் எளிமையானது. ஃபிளாப்பி இயக்கியினுள் தகவலைப் படிக்கும் தலைப்பகுதி ஒன்று உண்டு. சிறு மோட்டார் ஒன்று அதனைப் படிப்படியாக நகர்த்துகிறது. ஒவ்வொரு படிக்கும் ஒரு ‘டிக்’ ஒலி எழும். நொடிக்கு நூற்றுக்கணக்கான படிகள் என்ற வேகத்தில் நகர்த்தினால் அந்த ‘டிக்’ ஒலிகள் ஒன்றோடொன்று கலந்து தொடர்ச்சியான ஒரு சுரமாகக் காதில் விழுகின்றன. வேகத்தைக் கூட்டினால் சுரம் ஏறும், குறைத்தால் இறங்கும். தட்டில் இருப்பதோ எண்பது தடங்கள். ஆகவே நீண்ட சுரம் வேண்டுமாயின் தலைப்பகுதி முன்னும் பின்னுமாக ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஒலி அளவைக் கூட்டக் குறைக்க இயக்கியில் வழியில்லை. அதற்கும் அவர் ஓர் உபாயம் கண்டார். ஒரே சுரத்தைப் பல இயக்கிகள் ஒருங்கே ஒலிக்கத் தொடங்கி, பின்னர் ஒவ்வொன்றாக ஓய்ந்தால், வீணையின் தந்தியை மீட்டியபின் நாதம் மெல்ல அடங்குவது போன்ற உணர்வு கிட்டிவிடுகிறது. தாளத்தை ஹார்ட் டிஸ்க்கின் கை தட்டுகிறது. இழுத்துப் பாடும் பகுதியை ஸ்கேனர் ஏற்றுக்கொள்கிறது.

வங்கிக் கிளைகள் கணினிக்கு மாறிய காலத்தில் நாள் இறுதிக் கணக்கை ஃபிளாப்பியில் படியெடுத்துப் பூட்டி வைத்த தலைமுறையினருக்கு அந்தக் ‘கர்ர்’ ஒலி நன்கு பழக்கம். 1.44 எம்.பி. மட்டுமே கொள்ளும் ஒரு ஃபிளாப்பியில் இன்றைய இக்காணொளியின் சில நொடிகளைக்கூட அடைக்க இயலாது என்பது தனி வேடிக்கை.

பொருள்களுக்குள் ஒளிந்திருக்கும் நாதத்தை வெளிக்கொணர்வது நமக்குப் புதிதன்று. மானாமதுரை மண்ணில் பிறந்த கடம் கச்சேரி மேடையில் வீற்றிருக்கிறது. பீங்கான் கிண்ணங்களில் நீர் ஊற்றிச் சுருதி கூட்டினால் ஜலதரங்கம். ஆயினும் காய்கறிச் சந்தைக்குச் சென்று வாத்தியம் வாங்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. ஆஸ்திரியாவின் வியன்னா நகரில் அது நடைபெறுகிறது. 1998-இல் அங்கே தொடங்கப்பெற்ற காய்கறி இசைக்குழுவினர், நிகழ்ச்சி நாளன்று சந்தைக்குச் சென்று காய்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கேரட்டைத் துளைத்துக் குழல் செய்கிறார்கள். பூசணி முரசாகிறது. வெங்காயத் தாளின் இனமான லீக் என்னும் நீண்ட தண்டை ஒன்றோடொன்று உரசினால் வயலின் போன்ற கீச்சொலி எழுகிறது. குடைந்த வெள்ளரியின் ஒரு முனையில் கேரட்டையும் மறு முனையில் குடைமிளகாயையும் பொருத்தினால் எக்காளம் போன்ற ஒரு வாத்தியம் தயார். ஓரிரவுக்கு மேல் எந்த வாத்தியமும் தாங்காது. மேடை விளக்கின் சூட்டில் காய் வாட வாடச் சுருதியும் மாறிக்கொண்டே போகும். நிகழ்ச்சி முடிந்தபின் எஞ்சிய காய்களில் சூப் வைத்து, வந்தவர்களுக்கு வழங்குவது அக்குழுவின் வழக்கம். இசையைக் கேட்டுவிட்டு அதே பொருளை உண்டு வீடு திரும்பும் பேறு வேறெந்த அவையினருக்கும் வாய்த்ததாகத் தெரியவில்லை.

ஆஸ்திரேலியக் கலைஞர் லின்சி போலக் இதனையே தனியாளாகச் செய்துகாட்டும் காணொளியும் பரவலாகச் சுற்றுகிறது. மேடையில் நின்றபடியே ஒரு கேரட்டைத் துளையிட்டு, சாக்ஸபோனின் வாய்ப்பகுதியை அதில் செருகி, சில நிமிடங்களில் கிளாரினெட் ஆக்கி வாசித்துவிடுகிறார். எதைச் செய்கிறார் என்பது நம் கண்முன்னே நிகழ்வதால் இதில் ஒளிவு மறைவுக்கு இடமே இல்லை. நம்மைக் கேட்டால், குழந்தைகளுக்கு முதலில் காட்டவேண்டியது இதுவே என்போம்.

சுவீடனைச் சேர்ந்த மார்ட்டின் மோலின் 2016 மார்ச்சில் வெளியிட்ட கோலி இயந்திரம் வேறு வகை. விண்டர்காட்டன் என்பது அவருடைய இசைக்குழு. மரத்தால் ஆன பெரிய இயந்திரம். கையால் கைப்பிடியைச் சுற்றினால் இரண்டாயிரம் எஃகுக் கோலிகள் மேலேறி, உரிய நொடியில் ஒவ்வொன்றாக விழுந்து, உலோகப் பட்டைகளிலும் பேஸ் கிதாரின் தந்திகளிலும் மோதி இசைக்கின்றன. எந்தக் கோலி எப்போது விழ வேண்டும் என்பதைச் சுழலும் ஒரு சக்கரத்தில் பொருத்திய சிறு முளைகள் தீர்மானிக்கின்றன. அம்முளைகள் குழந்தைகள் விளையாடும் லெகோ துண்டுகள். நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் தானியங்கி இசைக் கருவிகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் உண்டு. அங்குக் கண்ட பழைய கருவிகளே தமக்குத் தூண்டுதல் என்று மோலின் கூறியிருக்கிறார்.

காணொளியைக் காண்போர் அறியாதது அதன் பின்கதை. அந்த இயந்திரம் படப்பிடிப்புக்குத் தாங்கியதே தவிர, ஊர் ஊராகக் கொண்டுசென்று வாசிக்கத் தாங்கவில்லை. கோலிகள் வழிதவறி வெளியே சிந்தின. உறுதியான மற்றோர் இயந்திரத்தைக் கட்ட அவர் பல ஆண்டுகள் உழைத்தார். அம்முயற்சியின் ஒவ்வொரு கட்டத்தையும் காணொளியாக வெளியிட்டும் வந்தார். 2021-இல் அந்த வடிவமைப்பே பொருந்தாது என்று அறிவித்துக் கைவிட்டு, மூன்றாவது இயந்திரத்துக்கான வேலையைத் தொடங்கினார். சில நிமிட வியப்பின் பின்னே இத்தனை உழைப்பு அடங்கியுள்ளது. ‘வேலையற்றவர்களின் வேடிக்கை’ என்று இத்தகைய காணொளிகளை ஒதுக்குவோர் இதனை எண்ணிப் பார்க்கலாம்.

நம் நாட்டுக்கு வருவோம். 2020 ஆகஸ்டில், ஊரடங்கின் நடுவே, இந்தி அறியாதவர்களின் கைப்பேசியிலும் ஒலித்தது ஒரு சமையலறை விசாரணை. ‘சாத் நிபானா சாதியா’ என்ற தொலைக்காட்சித் தொடரில் மாமியார் மருமகளிடம் கேட்கும் கேள்வி அது: கடலையை எடுத்துவிட்டு வெறும் குக்கரை அடுப்பில் ஏற்றியவர் யார் என்பதே விவகாரம். மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த இளம் இசையமைப்பாளர் யஷ்ராஜ் முகாட்டே அந்த வசனத்தில் இயல்பாகவே இருந்த தாளக்கட்டைக் கண்டுகொண்டு, சுரம் சேர்த்து, பாடலாக்கிவிட்டார். சாதாரணமாக நாம் பேசும் பேச்சிலும் ஏற்றமும் இறக்கமும் நடையும் உண்டு. கோபமாகப் பேசும்போது அவை இன்னும் துலங்கும். முகாட்டே செய்தது அதற்கு அடிக்கோடிட்டது மட்டுமே எனலாம். ஆனால் எந்த இடத்தில் அடிக்கோடு இடவேண்டும் என்று அறிவதுதான் கலை. ஓய்ந்துபோயிருந்த அத்தொடரின் இரண்டாம் பாகம் அதே ஆண்டு அக்டோபரில் ஒளிபரப்பாகத் தொடங்கியது.

கருநாடக இசை ரசிகர்களிடையே மகேஷ் ராகவனின் காணொளிகள் பெயர் பெற்றவை. ஐபேட் திரையின் கண்ணாடிமேல் விரலை இழைத்து அவர் ராகம் வாசிக்கிறார். ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்குத் துள்ளாமல் வழுக்கிச் செல்ல அவர் பயன்படுத்தும் செயலி இடமளிப்பதால் கமகங்கள் பிடிபடுகின்றன. பெரியவர்கள் முதலில் முகம் சுளித்து, பின்னர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் ஏற்றுக்கொள்ளத்தக்கது என்று இறங்கி வருவதை நாம் கண்டிருக்கிறோம்.

இனி, இக்காணொளிகள் நம்மை வந்தடையும் விதம் பற்றி. ஒருவர் இணையத்தளத்திலிருந்து காணொளியைப் பதிவிறக்குகிறார். தொடக்கத்தில் வரும் பெயரையும் முடிவில் வரும் நன்றியுரையையும் வெட்டிவிட்டு, நடுவிலுள்ள முப்பது நொடிகளை மட்டும் அனுப்புகிறார். அது ஆயிரம் குழுக்களைச் சுற்றி நம்மிடம் வரும்போது, ‘ஜப்பான் மாணவரின் சாதனை’ என்றோ ‘நம் ஊர்க்காரரின் கண்டுபிடிப்பு’ என்றோ ஒரு தலைப்பும் ஒட்டிக்கொண்டிருக்கும். போலந்துக்காரரின் உழைப்புக்குப் பெயரும் போயிற்று; மூலப் பக்கத்தில் பார்வையாளர் எண்ணிக்கை உயர்ந்தால் அவருக்குச் சேரவேண்டிய விளம்பர வருவாயும் போயிற்று. படைப்பைத் தமதென்று உரிமை கோரும் உரிமையை 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 57-ஆம் பிரிவில், படைப்பாளிக்குத் தனியே வழங்கியுள்ளது. அதனை விற்றுவிட்ட பின்னும் அவ்வுரிமை நீங்குவதில்லை. சட்டத்தை விடுத்து வழக்கத்தைப் பார்ப்பினும், இஸ்ரேலிய இசைக்கலைஞர் கூட்டிமான் 2009-இல் நல்ல முன்மாதிரி காட்டினார். ஒருவரையொருவர் அறியாத பலர் தத்தம் வீட்டில் வாசித்துப் பதிவேற்றிய துண்டுகளை வெட்டி ஒட்டிப் புதிய பாடல்களை அமைத்தார். எந்தத் துண்டு எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பதற்கான இணைப்புகளையும் உடன் அளித்தார்.

ஆகவே கோப்பை அனுப்புவதைவிட மூல இணைப்பை அனுப்புவது மேல். இரு அம்புக்குறிகளுடன், பலமுறை பகிரப்பட்டது என்ற குறிப்போடு வரும் காணொளியாயின் அதன் மூலத்தைத் தேடியெடுக்க ஒரு நிமிடம் போதும். 2020 ஏப்ரல் முதல் அத்தகைய செய்திகளை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்ப முடியும் என்று வாட்ஸ்அப் வரம்பு விதித்துள்ளது. அந்தத் தாமதத்தைத் தேடலுக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

வாடிக்கையாளர்களுக்கு மற்றொன்றும் சொல்லியாக வேண்டும். காணொளி என்ற பெயரில் வரும் கோப்பின் இறுதியில் ‘ஏபிகே’ என்று இருந்தால் அது காணொளியே அன்று; கைப்பேசியில் நிறுவப்படும் ஒரு செயலி. குறுஞ்செய்தியில் வரும் ஓ.டி.பி. எண்ணைத் திருடுவதற்கென்றே அத்தகையவை அனுப்பப்படுகின்றன. அதேபோல், ‘காணொளிகளுக்கு லைக் இடுங்கள், வீட்டிலிருந்தே சம்பாதியுங்கள்’ என்று தொடங்குவோர் முதலில் நூறோ இருநூறோ தருவார்கள். பின்னர் ‘பெரிய பணி’க்கென முன்பணம் கேட்பார்கள். கட்டிய பணம் திரும்பாது. பணம் இழந்தவர்கள் தாமதமின்றி 1930 என்ற எண்ணை அழைப்பதுடன் தங்கள் வங்கிக் கிளைக்கும் தெரிவிக்க வேண்டும். எவ்வளவு விரைவில் புகார் பதிவாகிறதோ அவ்வளவுக்குப் பணத்தை இடைவழியில் நிறுத்தும் வாய்ப்பு கூடும்.

பகிர்தலால் விளைந்த நன்மைக்கும் ஒரு சான்று உண்டு. தென் அமெரிக்காவின் பராகுவே நாட்டில், தலைநகர் அசுன்சியோனின் குப்பைகள் கொட்டப்படும் இடம் கத்தேயுரா. குப்பை பொறுக்கி விற்றுப் பிழைக்கும் குடும்பங்கள் அதனருகே வாழ்கின்றன. மறுசுழற்சிப் பணிக்காக அங்கே சென்ற ஃபாவியோ சாவேஸ் 2006-இல் சிறுவர்களுக்கு இசை கற்பிக்கத் தொடங்கினார். கற்க வந்தவர்கள் பலர், வயலின்களோ சில. அவ்வூரில் ஒரு நல்ல வயலின் ஒரு வீட்டைக் காட்டிலும் விலை மிகுந்தது. அதனைக் குழந்தையின் கையில் கொடுத்தனுப்பினால் திருட்டுக்கு அஞ்ச வேண்டும். வறுமையில் விற்றுவிடவும் நேரலாம். எனவே, குப்பை பொறுக்கும் தொழிலாளியான நிக்கோலாஸ் கோமெஸ் என்பவர் கிடைத்த பொருள்களிலிருந்தே வாத்தியங்களைச் செய்யலானார். எண்ணெய்த் தகரம் செல்லோவாயிற்று. வடிகால் குழாய் சாக்ஸபோனாயிற்று. பாட்டில் மூடிகளும் கரண்டிக் காம்புகளும் நாணயங்களும் அதன் விசைகளாயின. விற்றால் காசு பெறாத இவ்வாத்தியங்களைக் குழந்தைகள் அச்சமின்றி வீட்டுக்கு எடுத்துச் சென்று பயிற்சி செய்தனர்.

இவர்களைப் பற்றிய ஆவணப்படத்துக்கான சிறு முன்னோட்டக் காணொளி 2012-இல் இணையத்தில் வெளிவந்தது. கை மாறிக் கை மாறி உலகெங்கும் சென்றது. ஊரின் பெயரும் ஆசிரியரின் பெயரும் வாத்தியம் செய்தவரின் பெயரும் அதனோடு கூடவே சென்றன. படத்தை முடிக்கப் பொதுமக்களிடமிருந்து நிதி திரண்டது. வெளிநாடுகளிலிருந்து அழைப்புகள் வந்தன. 2014-இல் மெட்டாலிகா என்ற புகழ்பெற்ற ராக் இசைக்குழு தன் தென் அமெரிக்கச் சுற்றுப்பயண மேடைகளில் இச்சிறுவர்களையும் ஏற்றியது. படம் 2015-இல் வெளியாயிற்று.

அந்த முன்னோட்டம் இன்றும் இணையத்தில் காணக் கிடைக்கிறது. சில நிமிடங்களே ஓடும். அதில் ஓர் இளைஞர் தம் செல்லோவைக் காட்டி, எது எண்ணெய்த் தகரம், எது குப்பையில் கிடைத்த மரம் என்று ஒவ்வொன்றாக விளக்குகிறார். விளக்கி முடித்ததும் வில்லை எடுத்து, பாஹ் இயற்றிய செல்லோ இசைத்தொகுதியின் தொடக்கப் பகுதியை அதிலேயே வாசிக்கிறார்.