பொடக்காளி ஷெட்: 600 சதுர அடிக்கு ஒரு கணக்கு

கோயம்புத்தூர்ப் பக்கம் வீட்டின் பின்புறத்தைப் பொடக்காளி என்போம். எங்கள் பொடக்காளியில் ஓர் அம்பாசடர், ஒரு புல்லட், ஒரு ஆர்எக்ஸ் 100, ஒரு டிவிஎஸ் 50, இவற்றுக்கென்று 20 வருடமாகச் சேர்ந்த சாமான்கள். உத்தர்பாராவில் 2014இல் அம்பாசடர் உற்பத்தி நின்றபிறகு, கிடைத்த கதவு, பம்பர், கியர்பாக்ஸ் எதையும் நான் விட்டுவைக்கவில்லை. தார்ப்பாய்க்கு அடியில் துருப்பிடிக்கவிடாமல் ஒரு ஷெட் போடலாம் என்று முடிவானது. 30 அடி நீளம், 20 அடி அகலம். 600 சதுர அடி, அதாவது ஒன்றேகால் சென்ட்டுக்குச் சற்று மேல்.

முதலில் வந்த கொட்டேஷன் சதுர அடிக்கு 240 ரூபாய், மொத்தம் 1,44,000. கடைசியில் என் நோட்டில் நின்ற தொகை 3,59,178. இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. கொட்டேஷன் சொன்னது தூண், ட்ரஸ், கூரை ஷீட் மட்டும். அதற்கு அந்த விலை நியாயம்தான். ஆனால் ஷெட் என்றால் கூரை என்று நினைத்தது என் தப்பு. கீழே வரும் விலையெல்லாம் நான் கொடுத்தது. ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும். அளவு மாறாது. இதே அளவில் ஷெட் போடுகிறவர்கள் விலையை மட்டும் அடித்துத் தங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளலாம்.

எவ்வளவு இடம் தேவை என்பதிலிருந்தே தொடங்குகிறேன். அம்பாசடர் நீளம் 14 அடி 2 அங்குலம், அகலம் ஐந்தரை அடி. 20 அடியில் அதை நிறுத்தினால் மிச்சம் 5 அடி 10 அங்குலம். பின்சுவர் ஓரம் ஒன்றரை அடி ரேக் போனால் 4 அடி 4 அங்குலம். பானெட்டுக்கு முன்னால் ஒரு ஆள் நின்று வேலை பார்க்க அது போதும். தூண்களுக்கு இடையே 10 அடி விட்டதால் பக்கவாட்டில் நாலரை அடி. கதவை முழுசாகத் திறந்து இறங்கலாம். 30 அடியை மூன்று பத்தாகப் பிரித்து ஒன்று காருக்கு, ஒன்று வண்டிகளுக்கு, ஒன்று மேசைக்கும் சாமானுக்கும்.

இரும்பு. பைப் 20 அடி நீளம் என்பது எல்லோரும் சொல்வது. முன்பக்கம் 12 அடி, பின்பக்கம் 8 அடி தூண் வைத்தால் ஒரு பைப்பில் இரண்டும் வந்துவிடும், துண்டு மிச்சமாகாது என்று நான் காகிதத்தில் போட்டு மகிழ்ந்தேன். வெல்டர் தம்பி டேப்பை விரித்துக் காட்டினார். "20 அடின்னுதாங்ண்ணா சொல்றது, வர்றது ஆறு மீட்டருங்க." ஆறு மீட்டர் என்றால் 19 அடி 8 அங்குலம். பின்தூண் 7 அடி 8 அங்குலமாகக் குறைந்தது. பரவாயில்லை, பின்னால் நிற்கப்போவது ஆறரை அடி ரேக்தான். முன்னால் 13, பின்னால் 10 என்று வைத்திருந்தால் நாலு பைப்புக்குப் பதில் எட்டு வாங்கியிருக்க வேண்டும்.

75 மில்லிமீட்டர் சதுர பைப், 3 மில்லிமீட்டர் கனம்: நாலு நீளம், 163 கிலோ. ட்ரஸ் நாலுக்கு 50 மில்லிமீட்டர் சதுர பைப், 2 மில்லிமீட்டர் கனம்: 11 நீளம், 199 கிலோ. குறுக்கே ஏழு வரிசை பர்லின், வரிசைக்கு 32 அடி: 12 நீளம், 217 கிலோ. பக்கச் சுவர் ஷீட் பிடிக்கச் சின்ன பைப் 13 நீளம், 174 கிலோ. பேஸ் பிளேட் எட்டு, 20 கிலோ. ஆக 773 கிலோ. கிலோ 74 வீதம் 57,202. வெல்டிங் கூலி கிலோவுக்கு 22 வீதம் 17,006. எடையைக் கடைக்காரர் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை. பைப்பின் நாலு பக்கச் சுற்றளவை மில்லிமீட்டரில் எடுத்து, அதில் கனத்தின் நாலு மடங்கைக் கழித்து, கனத்தால் பெருக்கி, 0.00785ஆல் பெருக்கினால் ஒரு மீட்டரின் கிலோ எடை வந்துவிடும். எடைச்சீட்டு இதைவிட ரொம்பக் குறைந்தால் பைப்பின் கனம் சொன்னதைவிடக் குறைவு என்று அர்த்தம்.

ஷீட். சரிவோடு அளந்து, இரண்டு பக்கமும் ஓரடி நீட்டினால் ஒரு ஷீட்டின் நீளம் இருபத்திரண்டரை அடி. மூன்றரை அடி அகல ஷீட், ஒன்றின்மேல் ஒன்று ஏறியது போக மூன்றேகால் அடிக்குச் சற்றுமேல் மூடும். 32 அடிக்குப் பத்து ஷீட், 788 சதுர அடி. நீளத்தில் இணைப்பே இல்லாமல் ஒரே ஷீட்டாக வெட்டி வாங்கினேன். ஒழுகும் ஷெட் பெரும்பாலும் அந்த இணைப்பில்தான் ஒழுகும். பக்கங்களுக்கும் முன்புறத்துக்கும் சேதாரத்தோடு 722. மொத்தம் 1,510 சதுர அடி, 48 வீதம் 72,480. மாட்டும் கூலி 12 வீதம் 18,120. வாஷர் வைத்த ஸ்க்ரூ 800, நாலாயிரம்.

கொட்டேஷனில் வராத இடத்துக்கு வருகிறேன். இதற்குத்தான் இந்தக் கட்டுரையே.

காற்றுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 875இன் மூன்றாம் பாகம். அதில் கோயம்புத்தூருக்கு அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 39 மீட்டர், சென்னைக்கு 50. வேகத்தின் வர்க்கத்தை 0.6ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டரில் விழும் அழுத்தம், நியூட்டனில். கோவைக்கு 913, அதாவது 93 கிலோ. என் கூரை 66.6 சதுர மீட்டர். ஷட்டர் திறந்திருக்கும்போது காற்று உள்ளே புகுந்து கீழிருந்து தள்ளும், மேலே ஓடும் காற்று உறிஞ்சும். அழுத்தம் முழுக்க மேல்நோக்கி என்று வைத்துக்கொண்டால் 6.2 டன். ஷெட்டின் எடை என்ன? இரும்பு 773 கிலோ, ஷீட் 600 கிலோவுக்குச் சற்று மேல். ஒன்றரை டன்கூட இல்லை, 1.4தான். மிச்சம் ஏறத்தாழ ஐந்து டன் இழுப்பை எது பிடிப்பது?

குழிதான். ஷெட்டுக்கு அஸ்திவாரம் போடுவது கூரையைத் தாங்க அல்ல, பறக்காமல் கட்டிவைக்க. எட்டுத் தூணுக்கும் 2 அடிக்கு 2 அடி, 3 அடி ஆழம்: 96 கன அடி கான்கிரீட், 2.72 கன மீட்டர், ஆறரை டன். ஷெட்டின் 1.4 டன்னையும் கூட்டினால் 7.9. காற்றின் 6.2ஐவிட அதிகம். இது வீட்டுத் திண்ணைக் கணக்கு, பொறியாளர் காற்றின் திசை, சரிவு, மண்ணின் பிடிப்பு எல்லாம் பார்த்துப் பாதுகாப்புக்கும் கூட்டிப் போடுவார். ஆனாலும் ஓரடிக் குழி தோண்டித் தூணை நட்டுவிட்டுப் போகிறவரிடம் கேட்க இந்தக் கணக்கு போதும். 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவில் கரையேறியபோது எத்தனை தகரக் கூரைகள் பறந்தன என்பது அந்தப் பக்கத்துக்காரர்களுக்கு நினைவிருக்கும்.

இதே ஷெட் சென்னையில் என்றால் அழுத்தம் 1,500 நியூட்டன், தூக்கும் விசை 10.2 டன். வேகம் கூடியது கால்பங்குதான், இழுப்பு அறுபது சதவீதத்துக்கு மேல் கூடிவிட்டது. குழியை இன்னும் ஒன்றரை அடி ஆழப்படுத்தினால் ஈடாகும். அதற்கு ஆகும் சிமெண்ட் 9 மூட்டை, மூட்டை 340 வீதம் 3,060 ரூபாய். மூன்றரை லட்சம் செலவழிக்கிறவர் இந்த மூவாயிரத்தில் மிச்சம் பிடிப்பதைத்தான் என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை.

தளம் 4 அங்குலம்: 200 கன அடி. அதற்கு அடியில் கிராவல் 6 அங்குலம், 300 கன அடி. இடித்து இறுக்கினால் அமுங்கும் என்பதால் நாலு யூனிட் வாங்கினேன். யூனிட் என்றால் 100 கன அடி, லாரிக்காரரிடம் ஏற்றும் முன்பே டேப் வைத்துவிடுவது நல்லது. 1:2:4 கலவையில் ஒரு கன மீட்டருக்குச் சிமெண்ட் ஆறேகால் மூட்டைக்குச் சற்று மேல். குழிக்கு 17, தளத்துக்கு 36, பக்க ஷீட்டுக்குக் கீழே எழுப்பிய மூன்றடிச் சுவருக்கு 5, ஆக 58. வாங்கியது 60, விலை 20,400. எம்-சாண்ட் ஒன்றரை யூனிட் 8,250. முக்கால் ஜல்லி 3 யூனிட் 12,600. கிராவல் 10,000. சுவருக்கு ஆறங்குல சாலிட் பிளாக் கணக்குப்படி 236, வாங்கியது 250, விலை 9,500. தளத்துக்கு அடியில் ஈரம் ஏறாமலிருக்கப் பிளாஸ்டிக் ஷீட் 2,000. கொத்தனார், சித்தாள், மிக்ஸர் வாடகை 36,000. மண்ணோடு சம்பந்தப்பட்டது மட்டும் 98,750. தளத்தை நூற்றுக்கு ஒன்று சரிவாக, ஷட்டர் பக்கம் இரண்டரை அங்குலம் தாழ்த்திப் போட்டோம்.

மழைநீர் வேறு கதை. ஒரு மில்லிமீட்டர் மழைக்கு இந்தக் கூரையில் 65 லிட்டர் விழும். ஐம்பது மில்லிமீட்டர் பெய்தால் 3,270 லிட்டர், அத்தனையும் பின்பக்கம், பக்கத்து வீட்டுக் காம்பவுண்டை ஒட்டி. கால்வாய்த் தகரத்துக்கும் மூலை மடிப்புக்கும் 9,000 ஆனது. அதை விட்டிருந்தால் பக்கத்து வீட்டு அக்காவின் முகத்தில் விழித்திருக்க முடியாது.

உதிரிச் செலவுகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன்: ஆங்கர் போல்ட் 32க்கு 3,520, பெயிண்ட் 6,500, பத்துக்குப் பத்து ஷட்டர் 26,000, சின்னக் கதவு 4,500, கூரையில் சுழலும் காற்றாடி இரண்டு 6,400, மின் வேலை 9,500, வண்டி வாடகை 7,000.

ரேக் நாலுக்கு 19,200. வீட்டில் எல்லோரும் வீண்செலவு என்ற ஒரே வரி இது. மூன்றடிக்கு ஒன்றரை அடி ரேக், ஐந்து தட்டு. நாலும் சேர்ந்து தரையில் அடைப்பது 18 சதுர அடி, தருவது 90. லாபம் 72 சதுர அடி. ஷெட்டின் அடக்கவிலை சதுர அடிக்கு 599 என்று இப்போது தெரியும். அந்த 72 சதுர அடியைத் தரையில் கட்டியிருந்தால் 43,128 ஆகியிருக்கும்.

எஞ்சினை மட்டும் ரேக்கில் ஏற்றவில்லை. ட்ரஸ்ஸில் செயின் பிளாக் மாட்டலாமா என்று கேட்டதற்குத் தம்பி தலையிலேயே அடித்துக்கொண்டார். இரண்டு மில்லிமீட்டர் பைப் ஷீட்டைத் தாங்கத்தான் கணக்கு. எஞ்சின் இறக்க வேண்டிய நாளில் கிரேன் வாடகைக்கு எடுப்பது என்று பேச்சு. பெட்ரோலும் உள்ளே அதிகம் இல்லை. விற்பனைக்கு அல்லாமல் உரிமமின்றி வைத்துக்கொள்ள 1934ஆம் ஆண்டுப் பெட்ரோலியச் சட்டம் விடும் அளவு 30 லிட்டர், என்னிடம் இருப்பது ஐந்து லிட்டர் கேன் ஒன்று.

மிச்சம் இருப்பவை: பிளாக் 14, ஸ்க்ரூ நூற்றுச் சொச்சம், இரண்டடி நீளத்தில் பைப் துண்டுகள், ஈரம் பட்டுக் கல்லாகிப்போன சிமெண்ட் மூட்டை இரண்டு. அந்த இரண்டும் இப்போது டிவிஎஸ் 50இன் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருக்கின்றன.