மகப்பேற்றின்பின் மூளைக்கு நேரும் இடர்

பிள்ளை பிறந்ததும் தாய்க்கிருந்த இடரெல்லாம் நீங்கிற்றென எண்ணுதல் மக்கள் இயல்பு. குருதியமுக்க நோயைப் பொறுத்தவரை இவ்வெண்ணம் முற்றும் பொருந்தாது.

கருக்காலக் குருதியமுக்க நோய்க்குச் சூல்வித்தகமே மூலமென மருத்துவர் கொள்வர். அங்ஙனமாயின், சூல்வித்தகம் வெளியேறியதும் நோய் ஒழியவேண்டுமன்றோ? ஒழிவது உண்மையே, ஆயின் உடனே அன்று. பழுதுற்ற குருதிக்கலன்கள் செப்பமடையப் பல நாட்கள் செல்லும். அன்றியும், உடலிற் தேங்கிய நீர் குருதியோட்டத்துக்கு மீள்வதால், மகப்பேற்றின்பின் மூன்றாம் நாள் முதல் ஆறாம் நாள் வரையில் அமுக்கம் உச்சநிலை எய்துவதுண்டு. கருக்காலத்தில் நலமாயிருந்த தாயரிடத்தும் இந்நோய் புதிதாய்த் தோன்றலாம்.

மூளையின் சிறு நாடிகள் அமுக்கம் ஏறும்போது சுருங்கியும் இறங்கும்போது விரிந்தும் குருதியோட்டத்தை ஒரே அளவிற் காப்பன. அமுக்கம் அளவிறந்து ஏறின் இக்காவல் தளரும். கலன்களினின்று நீர் கசிந்து மூளை வீங்கும். வீக்கம் பெரும்பாலும் பிடரிப்புறத்தே காணப்படும். காட்சியை உணரும் பகுதி அங்கிருத்தலின், கண் பழுதின்றி இருக்கவும் பார்வை மங்கும். 1996 ஆம் ஆண்டில் தனியொரு நோய்த்தொகுதியாக விவரிக்கப்பட்ட இந்நிலை, காலத்தே கவனிப்பின் பெரும்பாலும் மாறிவிடும். புறக்கணிப்பின் வலிப்போ மூளையிற் குருதிப்பெருக்கோ நேரலாம்.

இவ்வலிப்பை எக்கிளாம்சியா என்பர். மின்னொளியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்று பிறந்த இப்பெயர், நோயின் திடீர்த் தோற்றத்தைச் சுட்டும். மகப்பேற்றின்பின் வரும் வலிப்பு முதல் 48 மணி நேரத்தினுள் வருவதே மிகுதி. எனினும் ஆறு வாரம் வரையில் வருதலுங் கூடும்.

இதற்குச் சிறந்த மருந்து விலை குறைந்த மக்னீசியஞ் சல்பேற்றே. 33 நாடுகளிற் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களிடத்து நடத்தப்பெற்று 2002 இல் வெளியான ஆய்வொன்று, இம்மருந்து வலிப்பு நேரும் வாய்ப்பைப் பாதிக்கு மேலாகக் குறைப்பதை நிறுவிற்று. அமுக்கம் 160/110 அளவை எட்டின், அதனை விரைந்து தணிக்கும் மருந்துகளும் வேண்டப்படும்.

ஆயின், மருந்து மருத்துவமனையிலன்றோ உள்ளது? அமுக்கம் உச்சமடையும் நாட்களிலோ தாயர் பலர் வீடு திரும்பியிருப்பர். விடாத தலைவலியை உறக்கமின்மையால் வந்ததென்றும், பார்வை மங்கலைக் களைப்பென்றும் வீட்டார் கொள்வது எளிது. இலங்கையில் மகப்பேற்றின்பின் வீடு தேடிவரும் குடும்பநல மருத்துவமாதிடம் இக்குறிகளை மறையாது கூறுதல் வேண்டும். கடுந்தலைவலி, கண்மங்கல், மேல்வயிற்று நோவு, மனக்குழப்பம் என்பவற்றுள் ஒன்று தோன்றினும், அவர் வரும்வரை காத்திராது தாயை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும். குழந்தையைக் காணவருவோர் தாயின் நலத்தையும் வினவுவாராயின், பல உயிர்கள் காக்கப்படும்.