முன்பாரம்

பிக்கப் டிரக்கின் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால், கதவு வந்து மூடும் தூணில் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனை கிலோவைத் தாண்டவே கூடாது என்று அதில் எழுதியிருக்கும். என் வண்டியில் இருந்த எண் 715. ஆறு வருஷம் அந்தக் கதவைத் திறந்து மூடியவன் நான். ஒருநாளும் அதைப் படித்ததில்லை.

படிக்க வைத்தவர் எதிர்வீட்டுப் பெரியவர். டென்வரை ஒட்டிய எங்கள் தெருவில் நாற்பது வருஷமாகக் குடியிருப்பவர். எங்கள் பத்தொன்பது அடி டிரெய்லர் வீடு பிள்ளைகளுக்குப் போதாமல் போய், முப்பது அடியில் புதிதாக ஒன்றை நான் வாங்கி வந்து நிறுத்திய அன்று, காபிக் கோப்பையோடு வந்து ஒரு சுற்று நடந்தார். பக்கச் சுவர் வெளியே நீண்டு வரவேற்பறையாகும் வித்தையை நான் பொத்தானை அழுத்திக் காட்டியபோது தலையை மட்டும் ஆட்டினார். பிறகு டிரக்கின் கதவைத் திறந்து, மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, அந்த ஸ்டிக்கரைப் படித்தார்.

“இது எவ்வளவு இழுக்கும்னு விளம்பரத்துல போட்டிருந்தாங்க?”

“ஐயாயிரம் கிலோ.” டிரெய்லர் சாமானோடு 3,400 கிலோதான் வரும் என்ற தெம்பில் சொன்னேன்.

“இழுக்கும். சுமக்குமா?”

அவர் ஆங்கிலத்தில் கேட்டது என் தாத்தா எத்தனையோ முறை கேட்ட கேள்விதான். இரட்டை மாட்டு வண்டியில் கடலை மூட்டை ஏற்றும்போது தாத்தா முதலில் பார்ப்பது முன்பாரமா, பின்பாரமா என்பதைத்தான். முன்னால் பாரம் கூடினால் நுகம் மாட்டின் கழுத்தை அமுக்கும். பின்னால் கூடினால் நுகம் மேலே தூக்கி, பூட்டாங்கயிறு தொண்டையை இறுக்கும். கொஞ்சம் முன்பாரமாக இருப்பதுதான் வண்டிக்கு அழகு என்பார். டிரெய்லரின் கதையும் அதுவே. மொத்த எடையில் நூற்றுக்குப் பத்திலிருந்து பதினைந்து பங்கு கொக்கியின் மேல் உட்கார வேண்டும். அது டிரக்கின் முதுகில் ஏறும் சுமை, ஸ்டிக்கர் எண்ணில் கழியும் சுமை. பெரியவர் கோப்பையைப் பானெட்டின் மேல் வைத்துவிட்டுக் கூட்டினார். கொக்கியின் மேல் 440 கிலோ. பாரத்தை முன்னச்சுக்கும் பிரித்துத் தரும் ஹிட்ச் 45. நாங்கள் நான்கு பேர் 250. மொத்தம் 735. விறகு, சைக்கிள், ஐஸ் பெட்டி, என் மனைவி இல்லாமல் கிளம்பமாட்டேன் என்கிற கிரைண்டர் எதுவும் இன்னும் ஏறவில்லை. அதற்குள் 20 கிலோ அதிகம்.

அன்று மாலை அவர் சொன்ன கதை 1964-இல் நடந்தது. அப்பா, அம்மா, மூன்று பிள்ளைகள். பதினாறு அடி டிரெய்லர். அதை இழுத்தது வீட்டில் இருந்த ஒரே கார், ஒரு ஸ்டேஷன் வேகன். டிரெய்லருக்குள் ஐஸ் கட்டி போட்டு வைக்கும் பெட்டி, இரவில் கட்டிலாக மடங்கும் மேஜை, கேஸ் விளக்கு, அவ்வளவுதான். கழிப்பறை கிடையாது. மொத்தமே ஒரு டன்னுக்குள். டென்வரிலிருந்து மேற்கே போக அன்று லவ்லேண்ட் கணவாய்தான் முக்கிய வழி, உயரம் 3,655 மீட்டர். காரின் முன்பக்கம் கித்தான் துணியில் தைத்த தண்ணீர்ப் பை ஒன்று தொங்கும். நீர் கசிந்து, காற்றில் உலர்ந்து, உள்ளே இருப்பது மண்பானைத் தண்ணீர்போலச் சில்லென்று இருக்குமாம். ஆனால் அது குடிக்க அல்ல, ரேடியேட்டருக்கு. ஏற்றத்தில் பாதி வழியில் முள் சிவப்புக்குப் போகும். காரை ஓரங்கட்டி, டிரெய்லர் சக்கரத்துக்கு அம்மா கல் வைப்பார். அப்பா ஈரச் சாக்கைப் போட்டு மூடியைத் திருகுவார். உஸ்ஸென்று ஆவி பறக்கும். பிள்ளைகள் கைதட்டுவார்கள். அரை மணி நேரம் கழித்து மறுபடி ஏற்றம். இறக்கத்தில் பிரேக் தீய்ந்த வாடை.

“அடுத்த வருஷம் அம்மா இரும்பு வாணலியை வீட்டுலயே விட்டுட்டு வந்தாங்க” என்றார். மலை தன் கணக்கை அங்கேயே, உடனே கேட்டு வாங்கியிருக்கிறது.

1954-இல் லூசில் பால், டெசி ஆர்னாஸ் ஜோடி நடித்து வந்த ‘தி லாங், லாங் டிரெய்லர்’ படத்தின் வேடிக்கையே இதுதான். புதுமணப்பெண் போகிற ஊரிலெல்லாம் கல் பொறுக்கி டிரெய்லரில் ஒளித்து வைப்பாள். கணவன் மலைப்பாதையில் முழி பிதுங்குவான். இன்றைய பிள்ளைகளுக்கு அந்தச் சிரிப்பு பாதிதான் எட்டும். பத்துக் கல் கூடுதலாக ஏறியதைக் காட்டிக்கொடுக்கும் வண்டி இப்போது எங்கே இருக்கிறது?

அந்தக் காலத்தில் பிக்கப் என்பது பண்ணைக்கும் கட்டட வேலைக்குமான சாமான். எழுத்தாளர் ஸ்டைன்பெக் 1960-இல் சார்லி என்கிற நாயோடு அமெரிக்காவைச் சுற்றக் கிளம்பியபோது ஜிஎம்சி பிக்கப் ஒன்றின் முதுகில் சின்ன வீடு கட்டி, டான் கிஹோட்டேயின் குதிரைப் பெயரை அதற்கு வைத்தார். இன்று கலிஃபோர்னியாவின் சலீனாஸில், அவர் பெயரிலான மையத்தில் அது நிற்கிறது. குடும்பம் ஊர்சுற்றுவதென்றால் கார்தான். அடியில் டிரக்கைப் போலவே இரும்புச் சட்டம், முன்னால் வி8 எஞ்சின் என்று அன்றைய கார்களே பாதி டிரக்குகள்.

அதை மாற்றியது 1973. மார்ச்சில் லவ்லேண்ட் கணவாய்க்கு மாற்றாக ஐசன்ஹோவர் சுரங்கப்பாதை திறந்தது, மலை சுலபமானது. அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின, பெட்ரோல் அரிதானது. 1975-இல் எரிபொருள் சிக்கனச் சட்டம் வந்தது. அதன்கீழ் கார்களுக்கு ஒரு கண்டிப்பு, டிரக்குகளுக்குச் சற்றுத் தளர்ந்த இன்னொன்று. கார்கள் இளைத்தன, அடியில் இருந்த இரும்புச் சட்டம் போன இடம் தெரியவில்லை. டிரெய்லரை இழுக்கும் வேலை சத்தமில்லாமல் பிக்கப்பின் தலையில் விழுந்தது. பிக்கப்புக்கு நான்கு கதவு முளைத்தது, தோல் இருக்கை வந்தது, பின்னால் சாமான் பெட்டி எட்டடியிலிருந்து ஐந்தரை அடியாகச் சுருங்கியது. சிக்கனத்துக்காகப் போட்ட சட்டம் ஒரு நாட்டையே டிரக்கில் ஏற்றிவிட்டது என்று பெரியவர் சிரிப்பார். சட்டம் மட்டுமே காரணமில்லை என்று நான் வாதாடுவேன், ஆனாலும் அவர் பக்கம் நியாயம் உண்டு.

பலத்தைக் கேட்கவே வேண்டாம். 1989-இல் டாட்ஜ் பிக்கப்பில் கம்மின்ஸ் டீசல் எஞ்சின் வந்தபோது அதன் முறுக்குவிசை 400 பவுண்டு-அடி, அன்று அது பெரிய பேச்சு. இன்று ஃபோர்டின் பெரிய டீசல் 1,200 தருகிறது. மூன்று கியர் ஆட்டோமேட்டிக் பத்து கியராகியிருக்கிறது. எவ்வளவு இழுக்கும் என்பதை ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்த கூத்துக்கு, 2008-இல் வெளியான ஜே2807 என்ற பொது அளவுகோல்தான் கடிவாளம் போட்டது. அரிசோனாவில் டேவிஸ் அணையிலிருந்து ஏறும் பதினெட்டு கிலோமீட்டர் மலைச்சாலை, கோடை வெயில், ஏசி முழு வேகத்தில், குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. டொயோட்டா 2011 மாடலிலேயே அதற்குக் கட்டுப்பட்டது. மற்றவர்கள் வந்து சேர இன்னும் சில வருஷம் பிடித்தது.

ஆக, சில்வர்தோர்னிலிருந்து சுரங்கம் வரை ஏழு சதவீத ஏற்றத்தை, பின்சீட்டில் பிள்ளைகள் படம் பார்க்க, நான் ஒரு கையால் ஓட்டிப் போனேன். முள் நடுவை விட்டு அசையவில்லை. எல்லாம் சரியாக இருக்கிறது என்றுதானே எவனும் நினைப்பான்?

பெரியவரின் கணக்கு மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. கொக்கியின் மேல் பாரம் அதிகமா, குறைத்துவிட்டால் போயிற்று. சைக்கிள்களை டிரெய்லரின் பின் பம்பருக்கு மாற்றினேன். பின்பக்கத் தண்ணீர்த் தொட்டியை நிரப்பினேன். கிரைண்டரும் அரிசிப் பையும் பின்கட்டிலுக்கு அடியில் போயின. 440 கிலோ 300 சொச்சமாக இறங்கியது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

வயோமிங்கில் லாரமி தாண்டி ஐ-80 சாலையில் அடிக்கிற காற்று ஊரறிந்தது. பெரிய லாரி ஒன்று எங்களை முந்தியது. முதலில் டிரெய்லரை அது தள்ளியது, பிறகு தன் பக்கம் உறிஞ்சியது. கண்ணாடியில் டிரெய்லரின் வால் இடப்பக்கம் தெரிந்தது, அடுத்த நொடி வலப்பக்கம், பிறகு இன்னும் அகலமாக இடப்பக்கம். ஸ்டீயரிங் கையில் லேசாகிவிட்டது. கால் பிரேக்கைத் தேடியது. டிரக்கின் பிரேக்கைத் தொட்டால் டிரெய்லர் முந்திக்கொண்டு வரும், தொடாதே என்று எப்போதோ கேட்டிருந்தது அந்த நேரத்தில் எப்படி ஞாபகம் வந்ததோ! டிரெய்லர் பிரேக்கை மட்டும் தனியாகப் பிடிக்கும் நெம்புகோல் முழங்காலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதை நசுக்கினேன். ஓடுகிற கன்றைக் கயிற்றால் பின்னிழுத்ததுபோல வால் நேரானது. ஓரங்கட்டி நிறுத்திய பிறகும் என் மனைவி கதவுப் பிடியிலிருந்து கையை எடுக்கவில்லை.

“என்னங்க ஆச்சு?”

“பின்பாரம்” என்றேன். சின்ன வயதில் வண்டியில் நுகம் தூக்கி, மாடு கண் பிதுங்கி நின்றதைப் பார்த்தவள் அவள். மேற்கொண்டு எதையும் கேட்கவில்லை.

மறுநாள் லாரிகள் தங்கும் நிறுத்தத்தில் எடைமேடையில் ஏற்றினேன். முன்னச்சுக்கு ஒரு மேடை, பின்னச்சுக்கு ஒன்று, டிரெய்லருக்கு ஒன்று. பொத்தானை அழுத்தினால் ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் லாரி எண்ணைக் கேட்கிறது. “லாரி இல்லைங்க, வீடு” என்றேன். அவர் சிரித்தார். சாமான்களை முறையாக முன்னே நகர்த்தி மறுபடி நிறுத்தேன். டிரெய்லர் ஒழுங்குக்கு வந்தது, டிரக் தன் 715-ஐத் தாண்டியது. ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கெட்டது. இந்த வண்டியும் இந்த வீடும் ஒன்றுக்கொன்று ஜாதகம் சேராதவை.

அப்படித்தான் அரை டன் பிக்கப் போய் முக்கால் டன் பிக்கப் வந்தது. இந்தப் பெயர்கள் பழங்காலச் சுமை அளவின் மிச்சம், இன்றைய எடைக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. ஷோரூமில் விற்பனையாளர் எஞ்சினைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். ஒரு குமிழைத் திருகினால் டிரெய்லரைத் தானே பின்னோக்கி ஓட்டிக் காட்டும் வசதியையும் சொன்னார். நான் வரிசையாக நின்ற வண்டிகளின் கதவுகளைத் திறந்து ஸ்டிக்கர் படித்துக்கொண்டிருந்தேன். அலங்காரம் அதிகமான டீசல் வண்டிகள் தம் எடையாலேயே சுமக்கும் அளவை இழந்திருந்தன. சாதாரண இருக்கை போட்ட ஒன்றில் 1,040 கிலோ இருந்தது, அதை எடுத்தேன். காலியாகப் போனால் கட்டை வண்டிபோலக் குதிக்கிறது. ஆபீஸ் வண்டி நிறுத்தத்தில் மூக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. மாதத் தவணையைப் பற்றி வீட்டில் பேசுவதில்லை.

பெரியவர் கோப்பையோடு வந்தார். இந்த முறை ஸ்டிக்கரை நானே திறந்து காட்டினேன். படித்தார், மனக்கணக்குப் போட்டார்.

“சுமக்கும். 300 கிலோ மிச்சம்கூட இருக்கு.” கதவைச் சாத்திவிட்டு டிரெய்லரைத் திரும்பிப் பார்த்தார். “அடுத்தது எத்தனை அடி வாங்கப் போறே?”


இல்லையென்று சொல்ல வாயெடுத்தேன். வாசலில் என் மனைவி கிரைண்டரைத் தூக்க ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.