ரிமோட் படலையும் ஒரு டொல்பினும்

கண்டாவளைப் பக்கத்துப் பெரியவர்களுக்கு வன்பொருள் நோண்டுதல் புதிதல்ல. பொருளாதாரத் தடையால் வன்னிக்குப் பற்றறி வராத காலத்தில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதியைக் கையால் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் றேடியோச் செய்தி கேட்டார்கள். செய்தவன் நினைத்திராத வேலையை ஒரு பொருளிடம் வாங்குவதுதான் ஹக்கிங். களவு அதற்குப் பிறகு ஒட்டிக்கொண்ட பெயர்.

இந்தக் குணத்துக்கு இன்று கடையில் விற்கும் உருவம் பிளிப்பர் ஸீரோ. 2020இல் கிக்ஸ்டார்ட்டர் என்ற நிதிதிரட்டும் தளத்தில் 48 இலட்சம் டொலருக்கு மேல் திரட்டிப் பிறந்தது. கைக்குள் அடங்கும், சிறு திரையில் ஒரு டொல்பின் விளையாடும். உள்ளே வானலைச் சிப், அகச்சிவப்பு விளக்கு, அட்டை வாசிப்பான் எல்லாம் உண்டு.

பழைய கேற் ரிமோட் ஒவ்வொரு அழுத்தலிலும் ஒரே எண்ணைத்தான், பெரும்பாலும் 433.92 மெகாஹேர்ட்ஸில், அனுப்புகிறது. கேற்றிலுள்ள பெட்டி எண்ணை மட்டும் சரிபார்க்கும். அனுப்பியது யாரென்று கேட்காது. அந்த எண்ணைப் பிளிப்பர் பதிந்து திருப்பி அனுப்பினால் கேற் திறந்துவிடும்.

கார்ச் சாவி அப்படியல்ல. அழுத்துந்தோறும் எண் மாறும். ஒருமுறை ஏற்ற எண்ணை மறுமுறை ஏற்காது. இதையும் 2015இல் சாமி கம்கார் என்ற அமெரிக்கர் மடக்கிக் காட்டினார். சொந்தக்காரர் முதலில் அழுத்தும்போது கம்காரின் கருவி வானலையைக் குழப்பிக்கொண்டே அந்த எண்ணைப் பதியும். கார் திறக்காததால் மனிதர் மறுபடி அழுத்துவார். இரண்டாவதையும் குழப்பிப் பதிந்துவிட்டு, முதல் எண்ணைக் காருக்கு விடும். கார் திறந்துவிட்டதென்று அவர் போய்விடுவார். பாவிக்காத எண் ஒன்று கருவியிடம் மிஞ்சும். கெட்டிக்காரத்தனந்தான்!

2024 பெப்ரவரியில் கார்த் திருட்டைக் காட்டிக் கனடா பிளிப்பரைத் தடைசெய்யப் போவதாக அறிவித்தது. மறு மாதமே சுருதி இறங்கியது. கார்த் திருடர் பெரிதும் நம்புவது, வீட்டுக்குள் கிடக்கும் சாவியின் அலையை வாசலுக்கு நீட்டித் தரும் வேறு கருவிகளை. டொல்பின் மேல் போட்ட பழி பொருந்தவில்லை என்பதே என் எண்ணம்.

கிளிநொச்சி மாணவர் ஒருவருக்குப் பிளிப்பரின் விலை அதிகம். ஈஎஸ்பி32 என்ற நுண்கட்டுப்படுத்திப் பலகையும் அகச்சிவப்பு வாங்கியும் இருந்தால் வீட்டு ரிவி ரிமோட்டின் பேச்சைப் படிக்கலாம். சொந்தப் பொருளில் மட்டும்: அனுமதியின்றிப் பிறர் கணினிக்குள் நுழைவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டப்படி குற்றம். வானலைக் கருவியை இறக்குமதி செய்யத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதியும் தேவை.

வீட்டில் ரிமோட் கேற் இருந்தால் ரிமோட்டைக் கழற்றிப் பாருங்கள். பொடிச் சுவிட்சுகள் வரிசையாக இருந்தால் அது மாறாத எண். இல்லாவிட்டாலும் நிச்சயமில்லை, எண்ணைச் சிப்பிலேயே எழுதி விற்கும் மலிவு ரிமோட்டுகளும் உண்டு. மாறும் எண் கொண்ட ரிமோட்டும் பெட்டியும் சோடியாக மாற்றுவதே வழி.