ஒரு டிகிரியில் மாறும் கார்பன்

கொசுவலைத் துணி இரண்டை ஒன்றன்மேல் ஒன்று விரித்து, மேலுள்ளதைச் சற்றே திருப்பினால், இரண்டிலுமே இல்லாத பெரிய கோலம் ஒன்று கண்ணில் படும். அதற்கு ‘மொய்ரே’ என்று பெயர். ஓர் அணு மட்டுமே தடிமன் கொண்ட கார்பன் தாளான கிராஃபீனை இரண்டடுக்காக வைத்துத் திருப்பினாலும் இதே கோலம் விழுகிறது. அந்தத் திருப்பம் ஏறத்தாழ 1.1 டிகிரியாக இருந்தால் கார்பனின் குணமே மாறிவிடும் என்று முதலில் சொன்னது கணக்குதான்.

மான்செஸ்டரில் ஆண்ட்ரே கைமும் கான்ஸ்டன்டின் நோவோசெலோவும் ஒட்டும் டேப்பால் கிராஃபைட்டை உரித்து 2004இல் கிராஃபீனைப் பிரித்தெடுத்தார்கள். அடுத்த கேள்வி, இரண்டு தாள்களைச் சேர்த்தால் என்ன ஆகும் என்பது.

கணினிக்கு இது லேசான வேலையல்ல. 1.05 டிகிரியில் கோலத்தின் ஒரே ஒரு கட்டம் சுமார் 13 நானோமீட்டர் அகலம். அதற்குள் ஏறக்குறைய 12,000 அணுக்கள். எலக்ட்ரான்களின் நடத்தையைக் குவாண்டம் விதிப்படி கணிக்கும் ‘அடர்த்திச் சார்பு’ முறையில், அணுக்கள் இரட்டித்தால் வேலை எட்டு மடங்காகிறது. எனவே எதை விடலாம், எதை விடக்கூடாது என்று முடிவெடுப்பதே சிமுலேஷன் செய்பவரின் பெரிய திறமை. எலக்ட்ரான் ஓர் அணுவிலிருந்து அண்டை அணுவுக்குத் தாவுவதை மட்டும் கணக்கில் கொள்வது ஒரு வழி. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ரஃபி பிஸ்ட்ரிட்சரும் ஆலன் மெக்டொனால்டும் 2011இல் இன்னும் துணிந்தார்கள். தனித்தனி அணுக்களை விட்டுவிட்டு, ஒவ்வொரு தாளையும் தொடர்ச்சியான பரப்பாகவே எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் கணக்கில், 1.05 டிகிரியை ஒட்டி எலக்ட்ரான்களின் வேகம் அநேகமாகப் பூஜ்யத்துக்கு இறங்கியது. வேகம் குறைந்தால், எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலக்கும் விசையின் கை ஓங்கும். எதிர்பாராத குணங்கள் தலைகாட்டும்.

ஏழு ஆண்டுகள் கழித்து, எம்ஐடியில் பாப்லோ ஹரியோ-எரேரோவின் குழு அந்தக் கோணத்தில் தாள்களை அடுக்கியது. மின்னழுத்தத்தால் எலக்ட்ரான்களின் எண்ணிக்கையைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தபோது, 1.7 கெல்வினில் கார்பன் மீக்கடத்தியானது. மின்சாரம் தடையே இன்றி ஓடியது.

அணுக்களும் வைத்த இடத்தில் சும்மா இருப்பதில்லை. அணுவுக்கு நேர்மேலே அணு வரும் இடங்கள் அவற்றுக்கு ஒவ்வாதவை. அங்கே தாள்கள் சுமார் 0.36 நானோமீட்டர் விலகிப் புடைக்கின்றன. பொருந்தி அமரும் இடங்களில் இடைவெளி 0.335 நானோமீட்டர்தான். ஒவ்வாத இடங்கள் சின்னப் புள்ளிகளாகச் சுருங்க, பொருந்தும் இடங்கள் விரிகின்றன. இந்த நுண்ணிய நகர்வைக் கணக்கில் சேர்க்காவிட்டால், எலக்ட்ரான்களின் ஆற்றல் மட்டங்களுக்கு இடையிலான இடைவெளிகள் சரியாக வருவதில்லை.

மீக்கடத்தல் ஏன் தோன்றுகிறது என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. இதற்கிடையே களமும் விரிந்துவிட்டது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகர ஆய்வாளர்கள் தலைமையிலான குழு 2018இல் 1,08,423 சேர்மங்களைக் கணினியில் சலித்து, தாளாக உரிக்க வாய்ப்புள்ள 1,825 பொருள்களை அடையாளம் கண்டது. இவற்றில் எதனோடு எதை, எந்தக் கோணத்தில் அடுக்குவது என்று ஆய்வுக்கூடத்தில் ஒவ்வொன்றாகச் செய்து பார்க்க முடியாது. அந்த முதல் வடிகட்டல் இப்போது கணினிகளில்தான் நடக்கிறது.