ஒரு நாடகம், பல பாடங்கள்: ‘லே மிசரபிள்’ இசைநாடக ஒலிப்பதிவுகள் ஓர் ஒப்பீடு

ஆய்வுச்சுருக்கம்

விக்டர் ஹியூகோவின் புதினத்தைத் தழுவிய ‘லே மிசரபிள்’ இசைநாடகம் 1980 முதல் பல நடிகர் குழுக்களால் ஒலிப்பதிவு செய்யப்பட்டுள்ளது. இவற்றுள் எது சிறந்தது என்னும் வினாவே சுவைஞரிடையே மிகுதியாக எழுகிறது. இக்கட்டுரை அவ்வினாவை விடுத்து, ஒவ்வொரு பதிவையும் ஒரு சுவடியாகக் கருதிப் பாட ஆய்வு நெறியில் ஒப்பிடுகிறது. பழைமை, முழுமை, நிகழ்த்துநரின் புகழ் ஆகிய எதுவும் தனித்து நின்று மூலபாடத்தை உறுதிசெய்யாது என்பதும், மேடைப் பனுவலைப் பொறுத்தவரை வேறுபாடுகளின் வரலாறே பனுவலின் வரலாறு என்பதும் இதன் முடிபுகளாகும்.

திறவுச்சொற்கள்: இசைநாடகம், ஒலிப்பதிவு, பாடவேறுபாடு, மூலபாடம், நிகழ்த்துகலை

முன்னுரை

ஹியூகோவின் புதினம் 1862இல் வெளிவந்தது. தமிழுலகிற்கு அது புதியதன்று. கவியோகி சுத்தானந்த பாரதியார் அதனை ‘ஏழை படும் பாடு’ எனத் தமிழாக்கினார். அப்பெயரிலேயே கே. ராம்நாத் இயக்கிய திரைப்படம் 1950இல் வந்தது. அதில் காவல் அதிகாரி ஜாவேராக நடித்த சீதாராமன், வாழ்நாள் முழுதும் ‘ஜாவர்’ சீதாராமன் என்றே அறியப்பட்டார். அதே கதை மேலைநாட்டு மேடையில் இசைநாடகமாகப் பெற்ற வாழ்வு தமிழாய்வில் அதிகம் பேசப்படவில்லை.

இக்கட்டுரையாளர் முதலில் கேட்டது 1995ஆம் ஆண்டு நிகழ்ச்சிப் பதிவு. பின்னர் 1985ஆம் ஆண்டுப் பதிவைக் கேட்டபோது, ஜாவேரின் முதன்மைப் பாடல் எதிர்பார்த்த இடத்திற்கு நெடுந்தொலைவு முன்னதாகவே ஒலித்தது. தொகுத்தவர் செய்த பிழை என்றே முதலில் எண்ண நேர்ந்தது. பிழை கேட்டவருடையது; முதலில் கேட்ட பதிவையே மூலம் எனக் கொண்டதால் விளைந்தது. தமக்குக் கிடைத்த முதற்சுவடியையே மூலமென நம்பும் பதிப்பாசிரியரின் மயக்கமும் இத்தகையதே. இம்மயக்கத்தை ஆராய்வதிலிருந்தே இக்கட்டுரை தோன்றியது.

ஒப்பீட்டிற்குரிய பதிவுகள்

இவ்வாய்வு ஐந்து பதிவுகளை முதன்மையாகக் கொள்கிறது.

முதலாவது, 1980இல் வெளியான பிரெஞ்சு இசைத்தொகுப்பு. குளோது மிஷேல் ஷோன்பெர்க் இசையமைக்க, அலேன் பூப்லீலும் ழான் மார்க் நத்தேலும் பாடல்களை இயற்றினர். மேடையேற்றத்திற்கு முன்னரே உருவான தொகுப்பு இது. அவ்வாண்டே ரொபேர் ஓசேன் இயக்கத்தில் நாடகம் பாரிசில் அரங்கேறியது.

இரண்டாவது, 1985ஆம் ஆண்டு இலண்டன் குழுவின் பதிவு. ஹெர்பர்ட் கிரெட்ஸ்மர் ஆங்கிலப் பாடல்களை எழுத, டிரெவர் நன், ஜான் கேர்ட் ஆகியோரின் இயக்கத்தில் 1985 அக்டோபர் 8 அன்று பார்பிகன் அரங்கில் தொடங்கிய நாடகம் இது. மூன்றாவது, 1987இல் தொடங்கிய நியூயார்க் பிராட்வே நாடகத்தின் பதிவு. நான்காவது, 1988இல் பதிவு செய்யப்பட்ட முழுமைத் தொகுப்பு. இது மூன்று குறுந்தகடுகளில் அமைந்தது. ஐந்தாவது, இலண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் 1995 அக்டோபர் 8 அன்று நடந்த பத்தாம் ஆண்டு விழா நிகழ்ச்சியின் பதிவு. இவற்றோடு 1991ஆம் ஆண்டுப் பாரிசு மறு அரங்கேற்றத்தின் பதிவும் தேவையான இடத்தில் சுட்டப்படும்.

ஒரு மெட்டு, இரு மாந்தர்

பாடவேறுபாட்டின் இயல்பை மிகத் தெளிவாகக் காட்டுவது ‘ஆன் மை ஓன்’ என்னும் பாடலின் மெட்டாகும். ஆங்கில மேடையில் இது எப்போனினுக்கு உரியது. தன்னை விரும்பாத மரியுசை எண்ணி அவள் இரவில் தனியே பாடுவது. நாடகத்தின் பெரும்புகழ் பெற்ற பாடல்களுள் ஒன்றாகிய இதனை அவளிடமிருந்து பிரித்து எண்ணவே இயலாது என்று ஆங்கிலப் பதிவுகளை மட்டும் கேட்டவர் கருதுவர்.

1980ஆம் ஆண்டுப் பிரெஞ்சுப் பதிவில் இம்மெட்டு எப்போனினுடையதன்று. ‘லேர் தெ லா மிசேர்’ என்னும் பெயரில், வறுமையைப் பாடும் ஃபாந்தீனின் பாடலாக அது அமைந்துள்ளது. பாடியவர் ரோஸ் லோரான்ஸ். ஐந்தாண்டுகளுக்குப் பின் ஆங்கில மேடைக்காக மெட்டு ஒரு மாந்தரிடமிருந்து பிறிதொரு மாந்தருக்குப் பெயர்ந்தது. பொருளும் வறுமையிலிருந்து கைக்கிளைக்கு மாறியது.

ஆயினும் பழைய பாடம் முற்றிலும் அழியவில்லை. ஆங்கிலப் பதிவுகளில் ஃபாந்தீன் உயிர்விடும் ‘கம் டு மீ’ பாடலை உற்றுக் கேட்டால், அதே மெட்டு அங்கே ஒலிப்பதை உணரலாம். நாடகத்தின் இறுதியில் வால்ஜானை மறுமைக்கு அழைக்க ஃபாந்தீனும் எப்போனினும் வரும்போதும் அம்மெட்டே மீள்கிறது. ஆங்கிலப் பாடத்தை மட்டும் அறிந்தவர், அன்பின் பொருட்டு உயிர்நீத்த இரு பெண்களை இணைக்கும் உத்தி என்று இதனை விளக்குவர். அவ்விளக்கம் தவறன்று. 1980ஆம் ஆண்டுப் பதிவை அறிந்தவர்க்கு மற்றொன்றும் புலப்படும்: எப்போனினுக்குக் கொடுத்த பின்னும் ஃபாந்தீனிடம் எஞ்சிய பழஞ்சொத்து அது. எழுதியதை அழித்து மீண்டும் எழுதிய ஏட்டில் முதல் எழுத்தின் தடம் தெரிவது போன்றது இது.

இத்துடன் இம்மெட்டின் பயணம் முடியவில்லை. 1991இல் நாடகம் பாரிசுக்குத் திரும்பியபோது, எப்போனின் ‘மோன் இஸ்துவார்’ என்னும் புதிய பிரெஞ்சுப் பாடலை இதே மெட்டில் பாடினாள். பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்திற்குச் சென்ற மெட்டு, ஆங்கிலத்தில் பெற்ற புதுப்பொருளோடு பிரெஞ்சுக்கு மீண்டது. 1980ஆம் ஆண்டுப் பாடலின் இடத்தை மொழிபெயர்ப்பின் வழியே பிறந்த பாடம் எடுத்துக்கொண்டது. காலத்தால் முந்தியதே மூலம் என்னும் கொள்கை இங்கு நிலைபெறவில்லை.

இடமாற்றமும் பொருள் மாற்றமும்

சொல் மாறாமல் இடம் மட்டும் மாறுவதும் பாடவேறுபாடே. செய்யுள் வரிசை மாறிய சுவடிகளில் பொருள் தொடர்பு மாறுவதை நாம் அறிவோம். ஜாவேரின் ‘ஸ்டார்ஸ்’ அதற்கு நேரான சான்று. விண்மீன்களின் ஒழுங்கைச் சான்றாக வைத்து, தப்பியோடிய வால்ஜானைப் பிடிப்பேன் என அவன் சூளுரைக்கும் பாடல் இது. 1980ஆம் ஆண்டுப் பதிவில் இப்பாடல் இல்லை. இலண்டன் மேடைக்கெனப் புதிதாக இயற்றப்பட்டது.

1985ஆம் ஆண்டுத் தொகுப்பில் இது பாரிசுத் தெருக்காட்சிக்கு முன்னர் வருகிறது. ஏழைகளின் கூக்குரல் ஒலிக்கும் முன்பே ஜாவேரின் கொள்கை அறிவிக்கப்பட்டுவிடுவதால், அவன் குறிப்பிட்டதொரு நிகழ்வுக்கு எதிர்வினை ஆற்றுபவனாகத் தோன்றவில்லை. மாறா நெறியொன்றின் உருவாகவே தோன்றுகிறான். பிராட்வே மேடையில் இப்பாடல் பின்னுக்கு நகர்ந்தது. பாரிசுத் தெருவில் நடக்கும் கலகத்திடையே வால்ஜான் நழுவிச் சென்ற பின்னர் அவன் பாடுகிறான். இப்போது அதே சொற்கள், கைக்கெட்டியவனைத் தவறவிட்டவனின் உடனடிச் சினமாகின்றன. பின்வந்த மேடையேற்றங்கள் இவ்வரிசையையே பின்பற்றின. நாடக ஓட்டத்திற்குப் பின்னதே பொருந்துவது எனலாம்; ஜாவேரின் மாந்தர்ப் படைப்புக்கு முன்னது தரும் கடுமை பின்னதில் இல்லை என்பதும் உண்மையே.

குரல்களும் இவ்வேறுபாட்டிற்கு இசைகின்றன. 1985இல் பாடிய ரோஜர் ஆலமின் குரலில் உணர்ச்சியைக் கட்டுப்படுத்திய வறட்சி உண்டு. சட்டத்தை வாசிப்பவர் போல் சொற்களை நிறுத்தி நிறுத்தி உரைக்கிறார். 1988, 1995 ஆகிய இரு பதிவுகளிலும் பாடிய பிலிப் குவாஸ்ட் நீண்ட மூச்சில் சொற்களை இணைத்து, வழிபாட்டுப் பாடல் போலவே இதனைக் கொண்டு செல்கிறார்.

விலக்கப்பட்ட பழைய வரிசை மீண்டும் உயிர்பெறுவதும் உண்டு. ‘ஐ ட்ரீம்ட் எ ட்ரீம்’ பாடலை ஃபாந்தீன் ஆங்கில மேடையில் வேலை இழந்தவுடன் பாடுகிறாள். 1980ஆம் ஆண்டுத் தொகுப்பில் அப்பாடலின் பிரெஞ்சு வடிவம் அவள் கூந்தலை விற்ற பின்னரே வருகிறது. 2012ஆம் ஆண்டுத் திரைப்படம் பாடலைக் கூந்தல் விற்ற காட்சிக்குப் பின்னரே அமைத்து, ஏறத்தாழப் பழைய வரிசைக்குத் திரும்பியது.

இன்மையும் முழுமையும்

ஒரு சுவடியில் ஒரு செய்யுள் இல்லை என்பதால் மட்டும் அச்செய்யுள் பிற்சேர்க்கை என்று கூறிவிட இயலாது. ஒலிப்பதிவுக்கும் இது பொருந்தும். ‘லே மிசரபிள்’ தொடக்கம் முதல் முடிவு வரை பாடியே நடத்தப்படும் நாடகம். 1985ஆம் ஆண்டுத் தொகுப்பு இரட்டை இசைத்தட்டின் அளவுக்குச் சுருக்கப்பட்டது. கவிழ்ந்த வண்டியை வால்ஜான் தூக்குவதைக் கண்டு ஜாவேர் ஐயுறும் காட்சி கதைக்கு இன்றியமையாதது; எனினும் அத்தொகுப்பின் பாடல் வரிசையில் அதற்கு இடமில்லை. இந்த இன்மை ஊடகத்தின் எல்லையால் விளைந்தது. மறுதலையாக, கொசெத் பாடும் ‘ஐ சா ஹிம் ஒன்ஸ்’ அத்தொகுப்பில் உண்டு. பின்வந்த மேடைப் பாடங்களில் இல்லை. மேடை கைவிட்டதை இசைத்தட்டு காத்தது.

1980ஆம் ஆண்டுத் தொகுப்பில் வால்ஜான் சிறை மீளும் முன்கதை இல்லாமைக்குக் காரணம் வேறு. பிரெஞ்சு மக்கள் அக்கதையை முன்பே அறிந்தவர்கள் ஆதலின், நாடகம் தொழிற்சாலைக் காட்சியிலிருந்தே தொடங்குகிறது. இலண்டன் மேடைக்கு முன்கதை புதிதாகச் சேர்க்கப்பட்டது. ஆகவே இன்மையைக் காணுந்தோறும் அது ஊடகத்தால் ஆயதா, கேட்போரை நோக்கி ஆயதா, படைப்பின் வளர்ச்சிநிலையால் ஆயதா எனப் பிரித்தறிதல் வேண்டும்.

இனி, முழுமையான பதிவு ஒன்று உண்டெனில் சிக்கல் தீருமா? 1988ஆம் ஆண்டுத் தொகுப்பு நாடகத்தின் இசை முழுவதையும் பில்ஹார்மோனியா இசைக்குழுவோடு பதிந்தது. ஆனால் அதில் பாடியோர் ஒரே மேடையின் குழுவினர் அல்லர். மரியுசாக இலண்டனின் மைக்கேல் பால், ஜாவேராகவும் அன்ஜோல்ராசாகவும் ஆஸ்திரேலிய மேடையின் பிலிப் குவாஸ்ட், அந்தோணி வார்லோ, எப்போனினாக ஜப்பானிய மேடையின் காஹோ ஷிமாடா எனப் பல நாட்டார் ஒன்று கூட்டப்பட்டனர். எந்த அரங்கிலும் எந்த இரவிலும் நிகழாத ஒரு நிகழ்த்துதலை அது நமக்குத் தருகிறது. பல சுவடிகளினின்றும் சிறந்த பாடங்களைத் தெரிந்து அமைத்த செம்பதிப்பும் இத்தகையதே: பயனால் ஈடற்றது, ஆனால் எந்த ஓர் ஏட்டிலும் அவ்வடிவில் இருந்ததன்று.

ஒரே பாடகர், மூன்று பதிவுகள்

வேறுபாடு பனுவலினுடையதா, பாடகருடையதா, சூழலினுடையதா என்று அறிய ஓர் அளவுகோல் வேண்டும். கோல்ம் வில்கின்சன் 1985, 1987, 1995 ஆகிய மூன்று பதிவுகளிலும் வால்ஜானாகப் பாடியுள்ளமை அவ்வளவுகோலைத் தருகிறது. மரியுசின் உயிருக்காக வால்ஜான் இறைவனை வேண்டும் ‘பிரிங் ஹிம் ஹோம்’ அவர் குரலை மனத்திற்கொண்டு இலண்டனில் இயற்றப்பட்டது. உச்சத்தானத்தை முழுக்குரலில் எட்டாமல் மெல்லொலியாக இழைக்கும் அவரது இயல்பே அப்பாடலின் அமைப்பாயிற்று. எனவே பிற பாடகர் அதனைப் பாடும்போது, ஒரு பாடலோடு ஒரு முன்னோடியின் குரலையும் பெற்றுக்கொள்கின்றனர். 1995ஆம் ஆண்டுப் பதிவில் பாடலின் முடிவில் எழும் கைதட்டல், வேண்டுதலைக் கச்சேரியாக மாற்றிவிடுகிறது. பாடகரும் பாடலும் அவையே, மாறியது சூழல். கைதட்டலும் அப்பதிவின் பாடத்தில் ஒரு பகுதியாகவே கொள்ளத்தக்கது.

முடிவுரை

மேற்கண்ட ஒப்பீட்டால், முந்தைய பதிவு மூலமாவதில்லை என்பதும், முழுமையான பதிவு நிகழ்ந்தவற்றின் நேர்ச்சான்று ஆவதில்லை என்பதும், ஒரு பதிவின் இன்மை காரணம் அறியாமல் சான்றாவதில்லை என்பதும் பெறப்படுகின்றன. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்த காலந்தொட்டுத் தமிழ்ப் பதிப்புலகம் வளர்த்த எச்சரிக்கை, ஒலிக்கும் பனுவலுக்கும் அவ்வாறே வேண்டப்படுகிறது. வேறுபாடு ஒன்று உண்டு. ஏட்டுப் பனுவலில் ஆசிரியர் எழுதியதை நோக்கிப் பின்செல்கிறோம். மேடைப் பனுவலில் ஆசிரியர்களே பாடத்தை மாற்றிக்கொண்டு முன்செல்கின்றனர். ஆதலின் அங்கே பாடவேறுபாடுகளை நீக்கி மூலத்தைத் தேடுதல், பனுவலையே நீக்குவதாக முடியும்.

இந்நெறி தமிழுக்கும் பயன்படும். நம் இசைநாடகங்கள் இசைத்தட்டுத் தொகுதிகளாகவும் வெளிவந்தன. ஒரு பக்கத்தில் மூன்று நிமிட அளவே கொள்ளும் அத்தட்டுகளில் எஞ்சியவற்றை அச்சிட்ட பாட்டுப் புத்தகத்தின் குறைவுற்ற நகலாக எண்ணி ஒதுக்குதல் தகாது. பாடியவர் குறைத்ததும் கூட்டியதும் இடம் மாற்றியதும் அந்நாடகங்களின் பாடங்களே. தட்டுகள் தேய்ந்து மறையும் முன் அவற்றைச் சுவடிகளாகக் கருதி ஒப்பிட்டுப் பதிப்பிப்பது தமிழாய்வின் உடனடிக் கடமையாகும்.